தம்பியைத் தூக்காத அக்கா

நாரின் என்ற மலையூரில் பனி இறுகுவதற்குள் குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சியை எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த வருஷம் குல்ஸாத் வீட்டில் குதிரை அறுத்தார்கள். அவள் கணவர் தலாந்த் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்ததால், அவருடைய அக்கா சோனுன்தான் ஆட்களைக் கூட்டிவந்து முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினாள். ஆண்கள் முற்றத்து வேலையை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனபிறகு பெண்கள் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கறியைக் கீறுவதும், உப்பும் பூண்டும் பிசறுவதும், கழுவிய குடலுக்குள் திணித்து நூலால் கட்டுவதுமாக ஒரே கலகலப்பு.

குல்ஸாத்தின் மகள் பெர்மெத்துக்குப் பதினைந்து வயது. போன வருஷம் வரை கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவள், இந்த வருஷம்தான் முதன்முதலாகக் கையில் கத்தி வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"பாருங்கடி, கறிய எப்படிக் கீறுறா. அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிடலாம்" என்றாள் சோனுன் அத்தை.

"உங்க பொண்ணுக்கு முதல்ல பண்ணுங்க அத்தை. அவளுக்கு முட்டை உடைக்கவே தெரியாது" என்றாள் பெர்மெத். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பினூடே அவள் தம்பி தெமிர் தவழ்ந்து வந்தான். எட்டு மாதக் குழந்தை. அக்காவின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, வாயில் எச்சில் ஒழுக அவளைப் பார்த்துச் சிரித்தான். பெர்மெத் குனிந்து பார்த்தாள். மடிப்பு மடிப்பான வெள்ளைக் கழுத்து. அவள் வலது கையில் கத்தி.

இதை இவன் கழுத்தில் வைத்தால்?

யாரோ காதுக்குள் சொன்னது போல இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவள் மனதுக்குள்ளிருந்துதான் வந்தது. கத்தி கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்து 'ணங்' என்றது.

"என்னடி, கத்தியா பாம்பா?" என்றாள் அத்தை.

"கை வழுக்கிடுச்சு" என்று எழுந்தவள் முற்றத்துக்கு ஓடி, பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டாள். 'நானா நினைத்தேன்? என் தம்பியையா?' அவன் பிறந்தபோது மூன்று நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தவள் அவள். அவனுக்குப் பல் முளைத்ததை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

ஏதோ ஒரு கெட்ட எண்ணம், போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். அது போகவில்லை.

மறுநாள் ரொட்டி அறுக்கும்போது வந்தது. அதற்கு அடுத்த நாள், அம்மா உருளைக்கிழங்கு சீவுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. பிறகு அதற்குக் கத்திகூடத் தேவைப்படவில்லை. தலையணையைப் பார்த்தால் வந்தது. கொதிக்கும் கெட்டிலைப் பார்த்தால் வந்தது. விரட்ட விரட்ட ஈ போலத் திரும்பித் திரும்பி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு படமும் வந்தது. அந்தப் படத்தில் தம்பியின் முகம் இருந்தது.

அதைத் துடைக்க அவள் தனக்குள் சில வழிகள் கண்டுபிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு தொழுகை வரிகளைச் சொல்வாள். பாதியில் படம் குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கையைக் கழுவுவாள். குளிர்ந்த தண்ணீரில் கழுவிக் கழுவி விரல் முட்டிகள் வெடித்தன. செல்பேசியில், 'கொலைகாரர்கள் சின்ன வயதில் எப்படி இருப்பார்கள்' என்று தேடிப் படித்தாள். அமைதியானவர்கள், யாரிடமும் மனம் விட்டுப் பேசாதவர்கள் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. தானும் இப்போது யாரிடமும் பேசுவதில்லையே என்று நினைத்து, செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, நான் நல்ல பொண்ணுதானே?" என்று திடீரென்று கேட்பாள்.

"ஏன், ஏதாவது உடைச்சிட்டியா?" என்பாள் குல்ஸாத், தையல் மெஷின் எண்ணெய் பிடித்த விரல்களைத் துடைத்தபடி.

"சும்மா சொல்லேன்."

"நல்ல பொண்ணுதான். போய்த் தம்பியப் பாரு."

அந்தப் பதில் ஒரு கால்மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடி கேட்கத் தோன்றும்.

பெர்மெத்துக்குக் காலை வகுப்பு. குல்ஸாத்துக்கோ தையல் பட்டறையில் மதிய வேலை. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் தாய் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். இருட்டிய பின் அம்மா திரும்பும்வரை வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். முன்பெல்லாம் அந்த மதியங்கள் பெர்மெத்துக்குப் பிடித்தவை. தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வீடெல்லாம் குதிரை ஓட்டுவாள். இப்போது அம்மா கதவைச் சாத்தியதுமே அவள் அவனை மரத்தொட்டிலில் போட்டு, அதன் நாடாவால் இடுப்பில் கட்டிவிட்டு, அறையின் எதிர்மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள். அவன் அழுவான். பால் புட்டியை எட்டியிருந்து நீட்டுவாள். அவன் கை நீட்டித் தூக்கச் சொல்வான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாப்பாட்டில் கறியைத் தொடுவதை விட்டாள். கறி என்றால் கத்தி வரும்.

"என்ன, சைவமா மாறிட்டாளா?" என்றாள் ஒருநாள் வந்திருந்த சோனுன் அத்தை. "மலையில பொறந்துட்டு இது என்ன கூத்து? குதிரை திங்கிற புல்ல நீ தின்னுட்டா, குதிரைக்கு என்னடி போடுறது?"

பெர்மெத் சிரிக்கவில்லை. அத்தை அவளை உற்றுப் பார்த்தாள்.

பிறகு கத்திகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் பெரிய கறிக்கத்தி. அடுத்து ரொட்டிக் கத்தி. அப்புறம் கத்தரிக்கோல். குல்ஸாத் அலமாரியெல்லாம் தேடினாள். அண்டை வீட்டாரைக்கூட மனதுக்குள் சந்தேகப்பட்டாள். கடைசியில் வெங்காயத்தைக் கையால் பிய்த்துச் சட்டியில் போட்டபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கத்திகள் எல்லாம் முற்றத்துக் கரிக்கொட்டகையில், நிலக்கரிக் குவியலுக்கு அடியில் துணியில் சுற்றிக் கிடந்தன. புதைத்தவள் பெர்மெத். புதைத்த பிறகும் அவளுக்கு நிம்மதியில்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமே.

மகள் இளைத்துப்போவதையும், பேசாமல் சுவரையே பார்ப்பதையும் குல்ஸாத் கவனிக்காமல் இல்லை. காதலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். கேட்டால் பெர்மெத் இல்லை என்று தலையை ஆட்டினாள். பரீட்சை பயமோ? அதற்கும் தலையாட்டல். தாயிடம் சொல்ல அவள் நாக்கு நுனி வரை வரும். சொன்னால் என்ன ஆகும்? போலீஸ் வரும். அம்மா அவளை வெறுப்பாள். இல்லையென்றால், எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக, சொல்லிய வாயோடு அது உண்மையாகிவிடும்.

"கண்ணு பட்டிருக்கு. இல்லன்னா வேற எதாவது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சோனுன் அத்தை.

அத்தை கூட்டிப் போன மனிதர் ஊர்க்கோடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். மரியாதையானவர், மெல்லப் பேசினார், தேநீர் கொடுத்தார். ஜூனிப்பர் என்ற வாசனை மரத்தின் கிளையைக் கொளுத்தி அவள் தலையைச் சுற்றிப் புகை காட்டினார். ஓதினார். பிறகு கண்களை மூடியபடி, "இவ தோள்ல ஒரு கருப்பு உட்கார்ந்திருக்கு. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா? அதும்மேல அதுக்குக் கண்ணு" என்றார்.

சோனுன் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதக் குழந்தை உள்ள வீட்டிலிருந்து வந்தவள் என்று அத்தையே வாசலில் அவரிடம் சொல்லியிருந்தது பெர்மெத்துக்கு ஞாபகம் வரவில்லை. 'இவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் இது வெறும் எண்ணம் இல்லை. எனக்குள் ஒன்று இருக்கிறது. அது ஒருநாள் செய்துவிடும்.'

வீடு வரும் வழியெல்லாம் அத்தை ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். பெர்மெத் காதில் எதுவும் விழவில்லை.

மறுநாள் மதியம் குல்ஸாத் வழக்கம்போலக் குழந்தையை நீட்டினாள். "அம்மா, இன்னைக்குப் போகாதேயேன்" என்றாள் பெர்மெத்.

"ஏண்டி?"

"சும்மா. தலைவலி."

"மாத்திரை போட்டுக்க. இன்னைக்குச் சரக்கு அனுப்புற நாள், போகலன்னா அந்த மேற்பார்வைக்காரி என்னைத் தைச்சே போட்டுடுவா." குல்ஸாத் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. தெமிர் அக்காவின் காதைப் பிடித்து இழுத்து, "ப்பா ப்பா" என்றான். அந்த நேரம் பார்த்துப் படம் வந்தது. இதுவரை வராத அளவுக்குத் தெளிவாக வந்தது. அவள் விரல்கள் குறுகுறுத்தன. அந்தக் குறுகுறுப்பைக் கண்டு அவள் அலறிவிட்டாள். கை தானாகவே எழும்பப் போகிறது, இப்போது, இந்த நிமிஷம் என்று தோன்றியது.

அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். நாடாக்களை இறுக்கிக் கட்டினாள். அடுப்புக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு, குளிர்கோட்டுகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றத்தின் கோடியில் அவர்களுடைய நீராவிக் குளியல் குடில் இருந்தது. வாரக்கடைசியில் மட்டும் சூடேற்றுவார்கள், மற்ற நாட்களில் உள்ளே சுவரெல்லாம் உறைபனி. பெர்மெத் உள்ளே நுழைந்து, உட்பக்க வளையத்தில் பூட்டை மாட்டிப் பூட்டினாள். புகை போகும் சின்ன ஓட்டை வழியாகச் சாவியை வெளியே பனிக்குள் வீசி எறிந்தாள்.

'இனி என்னால் அவனைத் தொட முடியாது.'

பல நாட்களுக்குப் பிறகு ஒரே ஒரு கணம் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அப்புறம்தான் வீட்டுக்குள்ளிருந்து தெமிரின் அழுகை கேட்டது.

அழுகை நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. இருமினான், விக்கினான், மறுபடி கத்தினான். பெர்மெத் கதவைத் தள்ளினாள். பூட்டை இழுத்தாள். இரும்பு விரலில் ஒட்டியது. 'அடுப்பிலிருந்து பொறி பறந்தால்? நாடா கழுத்தில் சுற்றினால்? கடவுளே, அவனைக் காப்பாற்றத்தானே பூட்டினேன்.' அவள் கத்தினாள். குடிலின் மரச்சுவர் தடிமனானது, சத்தம் முற்றத்தைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் விரல்கள் மரத்துப்போயின. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகை நின்றுபோனது. அந்த அமைதிதான் அவள் வாழ்நாளில் கேட்ட மிகக் கொடூரமான சத்தம்.

குழந்தையின் அலறலை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அண்டைவீட்டுக்காரி கேட்டிருந்தாள். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போன் செய்தாள். குல்ஸாத் தையல் ஊசி குத்திய மேலங்கியோடு ஓடிவந்தாள். தொட்டிலில் தெமிர் அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தான். மகளைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினாள், கழிப்பறையில் தேடினாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பனியில் பதிந்திருந்த காலடிகளைப் பார்த்துக் குடிலுக்கு வந்தாள்.

"பெர்மெத்! உள்ள இருக்கியா? கதவத் திற!"

"சாவி வெளியில கெடக்கும்மா. தம்பி உசிரோட இருக்கானா?"

"இருக்கான், என் இடுப்புலதான் இருக்கான். என்னடி ஆச்சு உனக்கு?"

பனியில் சாவி அகப்படவில்லை. குல்ஸாத் விறகு பிளக்கும் கோடாலியை எடுத்துவந்து, குழந்தையை ஒரு கையில் பிடித்தபடியே மறுகையால் கதவின் கீலில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பலகை பிளந்தது. உதடு நீலம் பாரித்த மகள் உள்ளே மூலையில் சுருண்டிருந்தாள். தாயைக் கண்டதும் எழுந்து வரவில்லை. இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

"கோடாலியத் தூக்கி எறிம்மா! கிட்ட வராதே! அவன எங்கிட்ட கொண்டு வராதே!"

"ஏன்?"

"நான் அவனக் கொன்னுடுவேன்" என்றாள் பெர்மெத். பிறகு எல்லாம் கொட்டியது. கத்தி, தலையணை, கெட்டில், படம், தோளில் உட்கார்ந்திருக்கும் கருப்பு.

குல்ஸாத் கேட்டுக்கொண்டே நின்றாள். மகள் பேசி முடித்தபோது, தனக்கே தெரியாமல் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போயிருந்தாள். பெர்மெத் அந்த ஒரு எட்டைப் பார்த்தாள்.

அதன் பிறகு குல்ஸாத் செய்யவேண்டியதையெல்லாம் செய்தாள். கம்பளி போர்த்தினாள், மகளின் கால்களை மடியில் வைத்துத் தேய்த்தாள், சூடாகப் பால் கொடுத்தாள். ஒரு கடும் சொல் சொல்லவில்லை. ஆனால் படுக்கும் நேரம் வந்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் பெர்மெத்துக்குக் கேட்டது. சத்தம் வராமல் போட அம்மா முயன்றதும் கேட்டது.

ஒரு வாரம் குல்ஸாத் பட்டறைக்குப் போகவில்லை. செல்பேசியில் தலாந்த் கத்தினார். "மனநோய் டாக்டர்கிட்ட போனா பதிவேட்டுல பேர் ஏறிடும். நாளைக்கு அவளை யாரு கட்டிப்பான்? யாரு வேலை குடுப்பான்? நான் வர்ற வரைக்கும் பொறு."

"நீங்க வர்றதுக்குள்ள அவ இருக்க மாட்டாளுங்க. சாப்பிடுறதில்ல. தூங்குறதில்ல" என்றாள் குல்ஸாத்.

"அக்காகிட்ட குடு போன."

சோனுன் போனை வாங்கினாள். அவள் தம்பிக்குப் பரிந்து பேசுவாள் என்றுதான் குல்ஸாத் எதிர்பார்த்தாள். "தலாந்த், நான்தான் இவள ஓதுறவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போயிட்டு வந்த மறுநாளே புள்ள உறைஞ்சு சாக இருந்தா" என்றாள் சோனுன். "எனக்கு என்ன தெரியும்? உனக்குந்தான் என்ன தெரியும்? அங்கேயிருந்து கத்தாத."

ஊர் மருத்துவமனையின் பின்கட்டில் அந்த டாக்டரின் அறை இருந்தது. நடுவயதுப் பெண். கடும் ஜலதோஷம் அவளுக்கு, பேச்சுக்கு நடுவே மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். பெர்மெத் நாற்காலியின் விளிம்பில், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கத்தியெல்லாம் இப்ப எங்க?" என்றாள் டாக்டர்.

"கரிக்கொட்டகையில. கரிக்கு அடியில."

குல்ஸாத் திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள்.

"ஏன் ஒளிச்சு வச்சே?"

"நான் எடுத்துடக் கூடாதுன்னு."

"அந்த எண்ணம் வரும்போது சந்தோஷமா இருக்கா?"

பெர்மெத் நிமிர்ந்து, அடி வாங்கியவள் போல டாக்டரைப் பார்த்தாள். "செத்துடலாம் போல இருக்கு."

"செத்துடலாம்னு நெனச்சிருக்கியா? நேரா சொல்லு, எனக்குத் தெரியணும்."

"இல்ல. நான் இல்லாம இருந்தா அவன் பத்திரமா இருப்பான்னு நெனச்சிருக்கேன். அவ்ளோதான்."

"அந்த எண்ணம் மறுபடி வந்தா அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லணும். காத்திருக்கக் கூடாது." டாக்டர் குல்ஸாத் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. பையன் பொறந்த புதுசுல, உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது தோணியிருக்கா? படியில எறங்கும்போது கைய விட்டுட்டா என்னாகும்னு?"

குல்ஸாத் உதட்டைக் கடித்தாள். "குளிப்பாட்டும்போது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "தண்ணிக்குள்ள அமுக்கிட்டா என்னாகும்னு ஒரு தடவை. தலைய உதறிட்டு வேலையப் பார்த்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

பெர்மெத் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"முக்கால்வாசிப் பேருக்கு வரும். வந்த வழியே போயிடும். உன் கதை வேற. உன் மண்டைக்குள்ள இருக்கற காவல் நாய், இலை விழுந்தாலும் திருடன்னு குரைக்குது. நீ ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிப்போய்க் கதவப் பூட்டுற. அதுக்கு என்ன தோணும்? 'ஆகா, நெஜமாவே திருடன்தான்'னு இன்னும் குரைக்கும்." டாக்டர் மூக்கைச் சிந்தினாள். "இது ஒரு நோய். இதுக்குப் பேரு இருக்கு, வைத்தியம் இருக்கு. உன் வயசுலதான் நெறைய பேருக்கு ஆரம்பிக்குது. நீ கெட்டவ இல்ல. உன் தோள்ல எதுவும் உட்காரல."

"ஆனா நான் செஞ்சிட்டா?"

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. சொன்னா நாளைக்கும் கேப்பே." டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள். "அதோட இருக்கப் பழகணும். அதுதான் வைத்தியம். பயமாத்தான் இருக்கும்."

பதிவேடு பற்றிக் குல்ஸாத் கேட்டாள். டாக்டர் அதற்கும் பொறுமையாக விளக்கம் சொல்லிவிட்டு, பிறகு தயங்கி நின்றவளிடம், "வேற எதாவது?" என்றாள்.

"நான்..." குல்ஸாத் மகளைப் பார்க்காமல் சொன்னாள். "நான் தாழ்ப்பாள் போட்டுக்கிறேன். இவளுக்கும் குழந்தைக்கும் நடுவுல."

"மொதல்ல அதைத் திறங்க" என்றாள் டாக்டர்.

சொல்வது சுலபம். வாரம் ஒருமுறை டாக்டரிடம் போனார்கள். மாத்திரையும் ஆரம்பித்தாள் பெர்மெத், முதல் சில நாட்கள் வயிற்றைப் புரட்டியது. ஆனால் பயத்தின் முன்னால் போய் நிற்கும் வேலை வீட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது. குல்ஸாத் கரிக்கொட்டகையிலிருந்து கத்திகளைத் தோண்டி எடுத்துவந்து, கழுவி, மேசைமேல் வைத்தாள். நூடுல்ஸுக்கு மாவை உருட்டித் தேய்த்து மகள் முன்னால் போட்டாள். தெமிர் தரைவிரிப்பில் ஒரு கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வெட்டு."

பெர்மெத் கத்தியைத் தொட்டாள். படம் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். அன்று அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஒரு கீற்று வெட்டினாள். மூன்றாம் நாள் அதுவும் முடியவில்லை. "என்னால ஆகாதும்மா. உனக்கும்தான் பயமா இருக்கு. உன் கை நடுங்குது, நான் பார்த்தேன்" என்று அழுதாள்.

குல்ஸாத் பொய் சொல்லவில்லை. "ஆமா, நடுங்குது. நான் என்ன கல்லா? அன்னைக்கு ஒரு எட்டுப் பின்னால போனேனே, அத நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது. உன்னப் பெத்தவ நான், எனக்கே ஒரு நிமிஷம் உன்னத் தெரியாமப் போச்சு." அவள் மகளின் மாவு படிந்த கையைப் பிடித்தாள். "நீ கத்தியப் பிடி. நான் அடுத்த ரூமுக்குப் போறேன். உனக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேரும் பயந்துகிட்டே செய்வோம்."

"போகாத."

"கதவு திறந்துதான் இருக்கும். ஆனா போறேன்."

போனாள். பெர்மெத் மாவைத் தன் பக்கம் இழுத்தாள். கத்தியைப் பிடித்தாள். 'கழுத்து' என்றது உள்ளே. தொழுகை வரிகள் தாமாக நாக்கில் எழுந்தன, அவற்றை விழுங்கினாள். வெட்டினாள். தெமிர் தவழ்ந்து வந்து அவள் பாவாடையைப் பிடித்து எழுந்தான். அவள் கத்தியைப் போடவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. வெட்டினாள், கோணல் மாணலாக, சில விரல் தடிமன், சில நூல் மாதிரி. மாவு முடியும்வரை வெட்டினாள்.

அடுத்த அறையில் குல்ஸாத் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தாள் என்பது பெர்மெத்துக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

அன்றிரவு சாப்பிட்ட சோனுன் அத்தை, "இது நூடுல்ஸா, குதிரைக்குக் கட்டுற வாரா?" என்று கேட்டுவிட்டு சூப்போடு இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தாள்.

பனி முழுவதும் உருகும் முன்பே உள்ளறைத் தாழ்ப்பாள் திறந்தே கிடக்கப் பழகிவிட்டது. பெர்மெத் நன்றாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சில நாட்கள் எண்ணம் வராமலே கழிந்தன. சில நாட்கள் பழைய வேகத்தில் வந்து, அவளைக் கழிப்பறையில் அழ வைத்தன. தலாந்த் போனில், "சாப்பிடுறியா?" என்பார். "ம்" என்பாள். ஒருநாள் அவர், "இங்க சாரத்து மேல நிக்கும்போது எனக்கும் குதிச்சிடுவேனோன்னு தோணும்மா. கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்றார். சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

ஏப்ரலில் தெமிருக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. அன்று குல்ஸாத்துக்குப் பட்டறையில் விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போறியா?" என்று அவள் கேட்டாள். கேட்டபோது அவள் கண்கள் மகளின் முகத்தை விட்டு அகலவில்லை.

"போறேன்" என்றாள் பெர்மெத். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மருத்துவமனைக்குப் போக ஆற்றுப்பாலத்தைக் கடக்க வேண்டும். மலைப்பனி உருகி நாரின் ஆறு பழுப்பாகப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் எதிரே வருபவர் பேசுவதுகூடக் கேட்காது. தெமிர் அவள் தோளில் கன்னத்தை வைத்து, தண்ணீரைப் பார்த்துக் குஷியாகக் கால்களை உதைத்தான்.

பாலத்தின் நடுவில் அது வந்தது. 'தூக்கிப் போடு.'

இது புதிய எண்ணம். கத்திக்குப் பழகியிருந்தவள் இதற்குத் தயாராக இல்லை. திரும்பி ஓடு என்றது உடம்பு. யாரிடமாவது குழந்தையைக் கொடுத்துவிடு என்றது. எதிரே ஒரு கிழவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். 'அவரிடம் கொடுத்துவிடலாமா?' கிழவர் கடந்து போனார். மாடு அவளை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

அவள் கைப்பிடிச்சுவரை விட்டு விலகி நடுப்பாதைக்குப் போகவில்லை. டாக்டர் அப்படிச் செய்யாதே என்றிருந்தாள். குழந்தையை அளவுக்கு மேல் இறுக்கவும் இல்லை. நின்றாள். ஆற்றைப் பார்த்தாள். 'வா. வந்துட்டு இரு. எனக்கு ஊசி போடற எடத்துக்குப் போகணும்' என்று அதனிடம் சொன்னாள், மனதுக்குள்தான், நடுங்கிய குரலில்தான்.

அது போகவில்லை. அவள்தான் நடந்தாள். பாலத்தின் அந்தப் பக்கம் கால் வைத்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. தெமிர் அவள் தொப்பியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

"அடேய், அழுக்கு" என்றாள் பெர்மெத். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, வரிசையில் முன்னால் இடம் பிடிக்க வேண்டுமே என்று வேகமாக மேட்டில் ஏறினாள்.